சேற்றுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

வியந்தியான்

அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி தேவலையா? மழை பிடித்து நாற்று நட ஆரம்பித்துவிட்டீர்களா? நான் சௌக்கியம்.

ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஒரு சின்ன விஷயம். கம்சிங் என்ற விவசாயிக்குத் தீராத காய்ச்சல். அவர் பெயர் ஒட்டிய கண்ணாடித் தட்டில் ரத்தத்தை விட்டு, என்ன கிருமி என்று பார்க்க வளரவிட்டேன். வயல் சேற்றிலிருந்து கால் புண் வழியே ஏறும் கிருமி. மெதுவாகத்தான் முளைக்கும், அவசரப்படுத்த வழியில்லை. இன்று காலை வாடிய பூவைப்போல முளைத்திருந்தது. இதற்கு மருந்து இருக்கிறதே என்று வார்டுக்கு ஓடினேன். கட்டில் காலி. உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டுமென்று நேற்றே தூக்கிப்போய்விட்டார்களாம்.

அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

"விடியக்காலம் போய்ட்டாரும்மா. நீ என்ன பண்ணுவ, பாவம்? சாப்பிட்டியா?" என்றார்.

போனை வைத்ததும் கடைக்குப் போனேன்.

நம்மூர் பஸ் டிரைவரிடம் உனக்கு ரப்பர் பூட்ஸ் கொடுத்தனுப்புகிறேன். "சேத்துல பூட்ஸா? வாத்துக்குச் செருப்பு மாட்டுன மாதிரி!" என்று சிரிப்பாய். சிரித்துக்கொண்டே போட்டுக்கொள். அதே பஸ்ஸில் நீ உப்பில் ஊறவைத்த மீன் கொஞ்சம் அனுப்பு, கடைச்சோறு இறங்கவில்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். உன் பெயர் ஒட்டிய தட்டு என் மேசைக்கு வரக் கூடாது, அம்மா.

உன் மகள்,
செங்தாவ்