நீ மூடாத வட்டம்

உன் பலகை இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கருமாதி முடிந்த கையோடு, நேற்று காலையில் உன் மகள் அதைப் பழைய புடவையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "பெரிம்மா, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாங்க" என்றாள். பிரித்ததும் பலா மரத்தில் ஊறிப்போன சந்தன வாசனை வந்தது. உன் சாவுக்கு நான் வரவில்லை. சேதி கிடைத்தும் வரவில்லை. அந்த வாசனை வந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். முகப்பேர் குடியிருப்பில் ஒரு மாடி வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடி ஐம்பூத பூஜை செய்கிறார்கள் என்று நீதான் கேள்விப்பட்டு வந்தாய். "சும்மா பாத்துட்டு வரலாம் வாடி, சுண்டல் குடுப்பாங்க" என்றாய். சுண்டலுக்காகப் போன நாம் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தோம்.

நிலத்துக்குச் சதுரம், நீருக்குப் பிறை, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம், வானத்துக்கு வட்டம். இதில் யாருக்கும் தகராறு இல்லை. எப்படிப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. ஒருத்தி எதையும் வரைய மாட்டாள். ஒரு பிடி மண், சொம்புத் தண்ணீர், கற்பூரம், ஊதுவத்திப் புகை, வானத்துக்கு மணியோசை என்று பொருளையே வைத்துவிடுவாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு, காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் தன் உடம்பிலேயே ஐந்தையும் நினைத்துக்கொள்வாள். அவள் தூங்குகிறாள் என்பது உன் கட்சி.

நான் பொடிக்காரி. மஞ்சள் தூளில் சதுரம், அரிசி மாவில் பிறை, குங்குமத்தில் முக்கோணம், கரித்தூளில் அறுகோணம், திருநீற்றில் வட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் ந, ம, சி, வ, ய என்று எழுத்து வைப்பேன். நீயோ தண்ணீர்க்காரி. சந்தனம் பூசிய பலகையில், விரலைத் தண்ணீரில் தோய்த்து வரைவாய். கம்பி இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் காய்த்துப் போயிருந்ததால் மோதிர விரலால் வரைவாய். எழுத்து கிடையாது. முக்கோணத்துக்குள் மட்டும் ஒரு சின்ன அகல் ஏற்றி, சுடர் நேராக நிற்கிறதா ஆடுகிறதா என்று பார்ப்பாய். "ஈரம் காஞ்சா போய்ச் சேந்துச்சுன்னு அர்த்தம். நீ போடறது எறும்புக்குத் தீனி" என்று என்னைச் சீண்டுவாய்.

சீண்டலோடு விட்டாயா? என் கோடு கொஞ்சம் கோணினால் போதும், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவாய். "இன்னாடி இது, முக்கோணமா முறுக்கா? அழிச்சிட்டு ஒழுங்கா போடு. பூதத்துகிட்ட பொய் சொல்லாத." இந்தக் கடைசி வார்த்தையை உன் வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்!

எந்த முறையில் போட்டாலும் வட்டத்தை மட்டும் ஒருத்தி தனியாக மூடக்கூடாது என்பது அங்கே வழக்கம். பூஜை செய்பவள் பாதி போடுவாள். யாருக்காகச் செய்கிறோமோ அந்த வீட்டு ஆள் மீதிப் பாதியைப் போட்டு, விரலோடு விரல் தொட்டு மூட வேண்டும். உன் பெண்ணுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நான் பருத்திப்பட்டில் உன் வீட்டுக்கு வந்து போட்டேன். நீ மூடினாய். அவள் தேறி எழுந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனுக்கு ஒண்ணுன்னா நான் வருவேன்டி" என்றாய்.

எனக்கு ஒன்று வந்தது. என் மாமனார் இறந்து, வீட்டில் தீட்டு. நான் விளக்கைக்கூடத் தொடக்கூடாது. அந்த நேரம் பார்த்து, சென்னீர்குப்பத்தில் சைக்கிளில் ரோட்டைக் கடந்த என் தம்பி சேகரை லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். நான் புடவையைச் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "சாவு வூட்டுலருந்து கெளம்பி உசுருக்குப் போராடறவனப் பாக்கப் போறியா? உன் காலோட தீட்டும் போவும்" என்று மாமியார் தடுத்தார். அதையும் மீறியிருப்பேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்போதுதான் சேதி கேட்டு நீ வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"நீ போவாத. நான் கீறேன் இல்ல? பலகைய எடுத்துகினு தெனம் உங்கம்மா ஊட்டுல போய்ப் போடறேன். உங்கம்மாவ மூடச் சொல்றேன்" என்றாய். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கேட்டுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போவாய். "நேத்து பிறை சுருக்கக் காஞ்சிடுச்சு." "காத்துக்கு ஆறு மூலையும் கச்சிதமா வந்துச்சு." "உங்கம்மாவுக்குக் கை நடுங்குது, ஆனா நல்லா மூடுறாங்க." ஒருநாள் சிரித்துக்கொண்டே, "தீ அப்படியே நேரா நின்னுச்சுடி. கண்ணத் தொறந்துடுவான் பாரு" என்றாய். அன்று நான் வயிறாரச் சாப்பிட்டேன். சாயங்காலம் என் சித்தப்பா வந்து, சேகர் போய்விட்டான் என்றார்.

எல்லாம் முடிந்து அம்மாவோடு உட்கார்ந்திருந்தபோது, ஒரு ஆறுதலுக்காகத்தான் கேட்டேன். "கடைசி வரைக்கும் நீதான வட்டத்த மூடின? சுடர் நேரா நின்னுச்சாமே?" அம்மா என்னைப் பார்த்தாள். "எந்த வட்டம்? அந்தப் பொண்ணு மொத நாள் ஆஸ்பத்திரிக்கி வந்துச்சு. அப்புறம் இந்தப் பக்கமே வரலியே."

நான்கு சின்னங்களைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தண்ணீரில் போட்டது, காய்ந்துவிட்டது, சாட்சி கிடையாது. ஆனால் ஐந்தாவதுக்கு இன்னொரு விரல் வேண்டும் என்பதை, எனக்கே சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்த நீ, எப்படியடி மறந்தாய்?

வேலைக்குத் திரும்பிய அன்று, காயிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். நீ மழுப்பவில்லை. "டாக்டர் சொன்னத என் காதால கேட்டேன். தலையில அடி, தேறாதுன்னுட்டாரு. பலகையத் தூக்கிகினு உங்கம்மா ஊட்டு வாசல் வரிக்கும் போனேன். உள்ள போக கால் வரல. உன்கிட்ட சொல்ல வாயும் வரல. அதான் போட்டேன்னுட்டேன்" என்றாய். நான் எழுந்து போய் சூப்பர்வைசரிடம் வேறு இருக்கை கேட்டேன். நீ வேலையை விட்டுப் போகும்வரை, தொண்ணூறுகளில் பாதி ஓடும்வரை, ஒரே கூரையின் கீழ் உன்னோடு பேசாமலே காயில் சுற்றினேன்.

நீ பூஜை செய்திருந்தாலும் சேகர் பிழைத்திருக்க மாட்டான். அது எனக்கு அன்றைக்கே தெரியும், நான் ஒன்றும் பைத்தியம் இல்லை. என் கோபம் அதற்கில்லை. அவன் உயிரோடு கிடந்த அத்தனை நாளும் நான் பஸ் ஏறும் தூரத்தில் இருந்தேன். உன் நேரான சுடரை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தேறமாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீட்டாவது மண்ணாவது, ஓடிப்போய் அவன் கையைப் பிடித்திருப்பேன். நீ என்மேல் இரக்கப்பட்டாயாம்! யார் கேட்டார்கள் உன் இரக்கத்தை?

அதற்குப் பிறகு நான் எந்தச் சின்னமும் போடவில்லை. பொடி டப்பாக்களை எல்லாம் கழுவி மளிகைச் சாமான் கொட்டி வைத்தேன். ஆனால் மனசு ஒரு கேடுகெட்ட சாமான். கம்பெனி கேன்டீனில் மேஜை ஈரமாக இருந்தால் என் விரல் தானாகப் பிறை போடும். உடனே அழிப்பேன்.

நேற்று உன் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மாவுக்காக ஒருவாட்டி போடறீங்களா பெரிம்மா?" முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மஞ்சள்காமாலையில் துவண்டு கிடந்த பிள்ளை முகம் அது, சொல்ல முடியவில்லை. பலகைக்குச் சந்தனம் பூசினேன். உன் முறையில், தண்ணீரில், மோதிர விரலால் போட்டேன். சதுரம், பிறை, முக்கோணம். நடுவில் அகல் ஏற்றினேன். அறுகோணம் கொஞ்சம் கோணியது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். வட்டத்தில் என் பாதியைப் போட்டு நிறுத்தினேன். உன் மகள் மீதியைப் போட்டு வந்து என் விரலைத் தொட்டாள்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தப் பலகையைப் போலவே அந்தக் கோபத்தையும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் கொடுக்க எனக்கு வேறு இடமில்லை.

அவள் கைகூப்பிக் கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே கேட்டாள். "சுடர் நேரா நிக்குதா பெரிம்மா?"

ஜன்னல் காற்றில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நேராக நிற்கிறது என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லம்மா, ஆடுது" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து சுடரைப் பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். இப்படி அழத்தான் அன்றைக்கு நீ என்னை விட்டிருக்க வேண்டும்.