அடுத்த மாடல் வரட்டும் என்ற தம்பிக்கு

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்கு மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஃபோனில் திட்டலாம் என்றால், ஒரு சிரிப்பு சிரித்து, "என்னண்ணே, பிரஷர் மாத்திரை போடலியா?" என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டுக் காத்திருக்க நாள் இல்லை.

என் மகளின் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. கார்ட்டூன் படக் கம்பெனி ஒன்று அவளிடம் நாற்பது விநாடிப் படம் ஒன்றைச் சோதனைக்குக் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் வேலை. வாளியிலிருந்து துள்ளிக் குதித்துத் தெருவில் நடந்து போகிற மீன். மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்தாள். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக வெளியே எடுக்க அந்தக் கிழட்டு மெஷினுக்குப் பதினாறு மணி நேரம் வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்து, நாங்கள் வியர்வையில் கிடந்தோம். பதினாலாவது மணி நேரத்தில் அணைந்தது. கருகிய வாடை வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய படம் போகவில்லை.

இவள் யார் மகள்? கம்ப்யூட்டர் பாகம் விற்கிறவன் மகள்! எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர், "என்ன முதலாளி, உங்க வீட்லயே மெஷினுக்குப் பஞ்சமாமே?" என்று படியேறி வந்து கேட்டுவிட்டுப் போகிறார். நான் என்ன சொல்ல? என் தம்பி வெளிநாட்டில் பெரிய மேதை, அவன் சொல்லுக்குக் காத்திருக்கிறோம் என்றா?

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நீ என்ன சொன்னாய்? "இப்ப வாங்காதீங்கண்ணே, படம் ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு புதுத் தலைமுறை வருது, நானே கையில கொண்டு வர்றேன்" என்றாய். வந்தது. வந்ததும், முதல் லாட்டில் குறை இருக்கும், இரண்டாவது லாட் வரட்டும் என்றாய். அதுவும் வந்தது. உடனே, அதைவிட நல்லது ஆறு மாதத்தில் வருகிறது, கார்டு செய்கிற கம்பெனிக்குள் இருக்கிறவர்களே சொல்கிறார்கள் என்றாய். உன் பேச்சைக் கேட்டால் உலகத்தில் ஒருத்தனும் ஒரு ஸ்க்ரூகூட வாங்க முடியாது.

என் கடைக்கு வருகிறவர்களிடம் பத்தொன்பது வருஷமாக நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு வேலை இருக்கிறதா, இன்றைக்கு வாங்கு. வேலை இல்லையா, எதுவும் வாங்காதே, காசைப் பையிலேயே வை. வரப்போவதைப் பார்த்து உட்கார்ந்தவன் எவனும் என் கடையில் திருப்தியாக வாங்கிப்போனதில்லை. ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன வாய், வீட்டில் மட்டும் மூடிக்கிடந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் இப்போது உன் மேல் வருகிறது. வாங்கிக்கொள்.

இவள் அந்தக் கம்பெனிக்குக் காரணத்தை மறைக்காமல் எழுதினாள். பன்னிரண்டு நாள் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. வரைந்ததெல்லாம் தனி டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது. மெஷின்தான் இல்லை.

நேற்று மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் அலமாரியில் இருந்த பாகங்களையே எடுத்து நானே ஒரு மெஷினைப் பூட்டினேன். போன தலைமுறை கார்டுதான். கடையில் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, சூடும் இல்லை. அந்தப் பதினாறு மணி நேர வேலையை இது இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தேன். பட்டனைத் தொடவில்லை அவள். "சித்தப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு கோபம். அவன் என்ன கடவுளா, அவன் கார்டு கொண்டு வந்தால்தான் உன் மீன் நடக்குமா என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. "நாமளே வாங்கிக்கிட்டோம்னா, அவரு எதைச் சாக்கா வச்சு வருவாரு, அப்பா?" என்றாள்.

சமையலறையில் உன் அண்ணி குழாயை மூடிவிட்டாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளும் கேட்க நினைத்தாள் போலிருக்கிறது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கு ஒரு நாள் போய்விட்டது. மெஷின் மேல் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

ஆறு வருஷம் ஆகிறது நீ வந்து. மூன்று தடவை டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய், மூன்று தடவையும் பழியைக் கார்டு மேல் போட்டாய். அங்கே உனக்கு வேறு என்ன இருக்கிறது, வேலையில் ஏதாவதா, வீட்டில் ஏதாவதா, எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடு. எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், புது மாடல் கதை ஒன்றும் வேண்டாம். "ஆன் பண்ணும்மா" என்று மட்டும் சொல். உன் வாயால் சொன்னால்தான் அவள் கை வைப்பாள்.

அதற்கப்புறம் நீ வருவதற்கு ஒரு காரணமும் மிச்சம் இருக்காது. அப்படியும் வா.

நன்றாயிரு.

கோபம் இன்னும் தீராத
உன் அண்ணன்