சிவப்புப் பொத்தானை அழுத்திய அம்மாவுக்கு

என் சண்டைக்காரி அம்மாவுக்கு,

நீ போய் ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீ முருங்கைக்காய் வாங்கும் கடைக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருக்கிறது. போன வாரம் போனபோது கடைக்காரர், "மாதாஜி கஹா(ன்) ஹை?" என்று, அம்மா எங்கே எனக் கேட்டார். சொன்னேன். ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா எடுத்துப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்து அதை ஆய்ந்துகொண்டே அழுதேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன் அம்மா. எதை என்று உனக்குத் தெரியும். "அவன்ட்ட மட்டும் சொல்லிப் பாரு, நான் செத்தாலும் ஒன்ட்ட பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியிருந்தாயே, அதை. இப்போது எப்படியும் நீ பேசப்போவதில்லை. அந்தத் தைரியம்தான்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாதே. அப்பா வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அவர் இருந்த அமைச்சகத்திலேயே உனக்கு வேலை கொடுத்தார்கள். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸும் நம்மிடமே இருந்தது. திருநெல்வேலியை விட்டு இந்தத் தலைநகரத்துக்கு வரும்போது இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத நீ, செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தே இந்தி கற்றுக்கொண்டாய். பிறகு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஆபீசுக்குப் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸில் பாதி சனம் தூங்கும், மீதி சனத்தை நீ தூங்க விடமாட்டாய். எந்த மந்திரி எந்த இலாகா, எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது என்று கேள்வி கேட்டே கொல்லுவாய். யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் உனக்கு உடம்பு பொறுக்காது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் திருத்திவிட்டுத்தான் இறங்குவாய்.

பிறகு ஒரு கோடையில் எல்லையில், மலைமேல் சண்டை வந்தது. அண்ணன் ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டும் பிரிவில் இருந்தான். அதே கோடையில் ஒரு தனியார் சேனல், நடப்புச் செய்திகளை வைத்து ஒரு வினாடி வினா ஆரம்பித்தது. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்று வந்ததே ஞாபகமில்லை என்பார்கள். சில வாரங்கள் வந்து நின்று போன நிகழ்ச்சி, வேறு எப்படிச் சொல்வார்கள்? உன் பஸ்காரர்கள்தான் உன் பெயரைக் கொடுத்தார்கள். குடும்பத்தில் இருவர் சேர்ந்து வரவேண்டும் என்பதால் காலேஜில் படித்துக்கொண்டிருந்த என்னையும் இழுத்துக்கொண்டாய்.

ஒளிப்பதிவுக்கு முந்தைய நாள் அண்ணன் போன் செய்தான். கொரகொரவென்று சத்தம். நான் பக்கத்தில் நின்று காதை வைத்துக் கேட்டேன். "நல்லாருக்கேம்மா, இப்ப எங்கள வேற எடத்துக்கு மாத்திட்டாங்க" என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னான். "சாப்பிட்டியாலே?" என்று நீ கேட்பதற்குள் லைன் போய்விட்டது. அந்தப் பெயரை நீ வாய்க்குள்ளேயே ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தாய். மகன் இருக்கும் ஊர் மறந்துவிடக் கூடாது என்றுதானே சொல்லிப் பார்த்தாய்?

செய்தி நாளுக்கு நாள் மாறும் என்பதால் அந்த நிகழ்ச்சியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். கேள்வி தயாரித்த பிறகு விடை மாறியிருந்தால், போட்டியாளர் சிவப்புப் பொத்தானை அழுத்தி நடத்துபவருக்கே சவால் விடலாம். சவால் சரியென்றால் கூடுதல் புள்ளி. மற்றவர்கள் யாரும் அதன் பக்கமே போகவில்லை. நீயோ உட்கார்ந்ததிலிருந்து ஒரு விரலை அதன் மேலேயே வைத்திருந்தாய்.

எதிர் அணியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜியும் அவருடைய மருமகளும். அவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி போனது. மலைக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகள் இப்போது எந்த ஊரிலிருந்து கிளம்புகின்றன? செய்தித்தாளில் வந்திருந்த ஊரை மருமகள் சொன்னாள். சரியான விடை என்றார் நடத்துபவர். "ஏட்டி, தப்பாச் சொல்லுதாங்க" என்று நீ என் பக்கம் திரும்பியதுதான் எனக்குத் தெரியும். அதற்குள் பஸ்ஸர் அலறியது.

எழுந்து நின்று, இந்தியில், கணீரென்று சொன்னாய். அந்த ஊர் இல்லை, இப்போது இந்த ஊர் என்று. எப்படித் தெரியும் என்று கேட்டார் நடத்துபவர். "மேரா பேட்டா வஹீ(ன்) ஹை." என் மகன் அங்கேதான் இருக்கிறான்.

என்ன கைதட்டல் அது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நடத்துபவர் எதையும் சரிபார்க்கவில்லை, வீரத்தாயின் பேச்சுக்கு மறுபேச்சு ஏது என்று புள்ளியைக் கொடுத்துவிட்டார். நானும் பல்லை இளித்துக்கொண்டு தட்டினேன். சர்தார்ஜி மட்டும் தட்டவில்லை. முடிந்ததும் நம் அருகே வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பெஹன்ஜி, ஊர்ப்பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். உன் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

அங்கேயே புரொட்யூசரைப் பிடித்தோம். காதில் ஒன்றும் கையில் ஒன்றுமாக போனை வைத்துக்கொண்டு அலைந்த பையன். "அந்த இடத்த மட்டும் வெட்டிருங்க தம்பி" என்று நீ தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து இந்தியில் சொன்னாய். "ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க, இந்த எபிசோடுக்கு உயிரே அதுதான்" என்று சிரித்தான் அவன்.

அடுத்த நாளே விளம்பரம் வர ஆரம்பித்தது. நீ எழுந்து நிற்கிறாய், "மேரா பேட்டா வஹீ(ன்) ஹை" என்கிறாய், பின்னால் முரசு, ஞாயிறு மாலை காணத் தவறாதீர்கள். ஊர்ப்பெயர் அதில் இல்லை. ஆனால் முழு நிகழ்ச்சியில் வரும் என்பது நமக்குத் தெரியும். நீ டிவியை அணைத்தாய். மாடி வீட்டிலிருந்து உன் குரல் கேட்டது. ஜன்னலைச் சாத்தினாய், எதிர் வீட்டிலிருந்து கேட்டது. அந்த வெயிலில் எல்லார் வீட்டு ஜன்னலும் திறந்துதானே கிடந்தது. பால் வாங்கப் போனால் பூத்காரர் உன்னைக் கும்பிட்டார். "இனிமே நீயே போய் வாங்கிட்டு வாட்டி" என்றாய்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் போன் செய்யவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்த சேனலின் வரவேற்பறையில் போய்ப் போய் உட்கார்ந்தாய். தண்ணீர் கொடுத்தார்கள், அந்த புரொட்யூசரைக் கண்ணில் காட்டவில்லை. ராணுவத்தில் போய்ச் சொல்லலாம் என்றேன். "சொன்னா அவனுக்கில்லா வேலை போயிரும், ஏன் வீட்டுக்குச் சொன்னேன்னு அவனத்தான உள்ள போடுவான்?" என்றாய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன் தலைதான் உருளும் போலிருந்தது.

ஞாயிறு மாலை டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். உன் கை என் கையை நசுக்கியது. அந்த இடம் வந்தது. ஊர்ப்பெயரின்மேல் கீ என்று ஒரு சத்தத்தைப் போட்டிருந்தார்கள். "அப்பாடா" என்றேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேமரா உன் முகத்தைத்தான் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது. சத்தத்தைத்தான் மறைத்தார்கள், உதட்டை மறைக்கவில்லை. எனக்கே படிக்க முடிந்தது. நீயோ நிறுத்தி நிதானமாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லியிருந்தாய்.

சில நாட்கள் கழித்து உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி. அந்த ஊரில் குண்டுகள் விழுந்தன, உயிர்ச்சேதம், பெயர்கள் தெரியவில்லை. நீ அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாய். சாவுச் செய்தி சொல்ல ராணுவத்திலிருந்து ஆள் அனுப்பிவிடுவார்கள் என்று வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அழைப்பு மணியை நான் கழற்றி வைத்தேன், அது அடித்தால் உன் உயிர் போய்விடும் என்று பயந்து. பிறகு ஒரு காலையில் அண்ணன் போன் செய்தான். "நல்லாருக்கேம்மா." நீ அழுதாய், அழுதாய், எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்கவே இல்லை.

அதன் பிறகு நீ செய்தித்தாளைத் தொடவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாய். அண்ணன் லீவில் வந்து, "டிவி ஸ்டார்லா எங்கம்மா" என்று கேலி செய்தபோது துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனாய். ஊர்ப்பெயர் சொன்ன கதை அவனுக்குத் தெரியாது. அவன் தப்பித்துவிட்டான், அவனோடு இருந்த யார் பெற்ற பிள்ளையோ உன் வாயால் போய்விட்டான் என்று நீ நினைத்தாய். என்னிடம் ஒரே ஒரு தடவைதான் அதைச் சொன்னாய். ஆனால் சாமி படத்துக்கு முன்னால் நீ நிற்கும்போதெல்லாம் யாருக்காக நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அண்ணன் சொன்னதைக் கேள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான், அழுதான், ரெண்டும் சேர்ந்து வந்தது. "அட லூசே, நான் அம்மாட்ட சொன்ன எடம் நெசமே இல்லட்டி. போன் பண்ணும்போது எங்க அதிகாரி, சுபேதார், பக்கத்துலயே நிப்பாரு. வீட்டுல கேட்டா இந்த ஊரச் சொல்லுங்கன்னு எல்லாத்துக்கும் ஒரு பேர குடுத்துருந்தாரு. நாங்க பேப்பர்ல போட்ட எடத்துலதான் இருந்தோம். எங்க ஆளு ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல."

உன் விடை தப்பு அம்மா. நடத்துபவர் சொன்னதுதான் சரி. எத்தனை வருஷம் அடுப்படியில் நின்று அழுதாய், பாவி மனுஷி. ஒரு தடவை, ஒரே தடவை அவனிடம் கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. உன் படத்துக்கு முன்னால் நின்று கத்தினேன், அண்ணி ஓடி வந்தாள்.

மறுநாள் காபி குடிக்கும்போதுதான் அந்தத் துண்டுச் செய்தி ஞாபகம் வந்தது. ராணுவம் அங்கே இல்லையென்றால், அங்கே உயிர்ச்சேதம் என்று போட்டிருந்ததே, அது யார் என்று அண்ணனிடம் கேட்டேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "பழைய கேம்ப்புட்டி அது. காலி பண்ணியாச்சு. அங்க எங்க ஆளு யாரும் கெடையாதுன்னுதான் அந்தப் பேரக் குடுத்தாங்க." எழுந்து ஜன்னல் பக்கம் போனான். "பக்கத்துல ஊர்க்காரங்க வீடு இருந்துச்சு" என்றான்.

ஒரு ஸ்டூடியோவில் நீ சொன்ன பெயருக்கும் மலையில் விழுந்த குண்டுக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். போனில் அந்தப் பெயரைச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோடையில் குண்டு விழாத ஊர் ஏது? இதையெல்லாம் அண்ணனும் சொல்கிறான், சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போது அவனும் உன்னைப் போலவே செய்தி வந்தால் சேனலை மாற்றுகிறான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. நீ இருபது பேர் பலம் உள்ளவள், உன்னையே அது தின்றுவிட்டது.

இப்போது அந்த மலைப்பாதையைச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பனி உருகியதும் நான் போகப்போகிறேன். அண்ணன் வரமாட்டேன் என்கிறான், போகாதே என்றும் சொல்கிறான். தனியாகவே போவேன். நீ சொன்ன அந்த ஊரில் இறங்கி, அந்தக் கோடையில் இந்த ஊரில் செத்துப்போனது யார் என்று கேட்பேன். அவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு வந்து உன்னிடம் சொல்வேன். உனக்குக் கேட்கப் பிடிக்காது என்று தெரியும், ஆனாலும் சொல்வேன்.

உன் வாயாடி மகள்,
செல்வி