உன் கைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்கள்

இல்லை, இன்னும் மாற்றவில்லை. அம்மாவின் கணக்கில் உன் எண்தான் இருக்கிறது.

மருத்துவமனையில் நீ என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசி வேலை அதுதான். அதனால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன். களைப்பாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை, விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் உன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஒரு மரத்தட்டு. அதில் உன் படம், ஒரு சிறு விளக்கு, உன் கைபேசி. கைபேசி எப்போதும் சார்ஜில் கிடக்கிறது. நான் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது அதிர்ந்தது. மரத்தின் மேல் உலோகம் நடுங்கும் அந்தச் சத்தம், கூட்டங்களில் உன்னை எத்தனை முறை காட்டிக்கொடுத்திருக்கிறது.

நீ எழுந்து எடுப்பாய் என்று காத்திருந்தேன். பழக்கம்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டார். திரையைப் பார்த்தார். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சத்தத்தில்தான் எல்லாம் திரும்பி வந்தது.

எல்லர்ஸ்லியில் நம் அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலை, வாகன நிறுத்தம், அதற்கு அப்பால் இன்னொரு வாகன நிறுத்தம். அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுவரும் ஒப்பந்த வேலை. நான் இலக்கியம் படித்துவிட்டு, கவிதை எழுதலாம் என்று நினைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். திரையில் அழுத்தும் பொத்தான்களுக்கு வாசகம் எழுதினேன். எதிர் மேசையில் நீ. நீயும் அதே வேலை. முதல் நாள் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாய்.

"நீ இந்தியாவோ?"

"ஆமா. மதுரைப் பக்கம்."

"நல்லது. இனி மீட்டிங்கில இவங்களைப் பற்றித் தமிழில கதைக்கலாம்."

முதலில் எல்லாம் காகிதம்தான், திரையில் இருந்தாலும். படிவத்தை இறக்கி, அச்சிட்டு, பேனாவால் நிரப்பி, தபாலில் அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் இணையச் சேவை. பிறகு திரையிலேயே நிரப்பலாம் என்று வந்தது. ஆனால் கையெழுத்துக்காக அச்சிட வேண்டும். பிறகு எல்லாத் துறைகளுக்கும் ஒரே நுழைவு. பிறகு, நுழைபவர் நிஜமாகவே அந்த ஆள்தானா என்று ஒரு முறை நேரில் போய் முகத்தைக் காட்டி நிரூபிப்பது. அதற்கும் பிறகு, ஒவ்வொரு முறை நுழையும்போதும் கைபேசிக்கு வரும் ஆறு இலக்கங்கள். இடையில் துறைகள் இணைந்தன, பிரிந்தன. திட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மார்னிங் டீ, கேரட் கேக்.

"பேர் மாறினா கேக். மனேஜர் மாறினா கேக்," என்றாய். "சேவை மாறினா மட்டும் மின்னஞ்சல்."

"சென்னை அளவு ஜனம்கூட இல்ல இந்த நாட்டுல," என்றேன் நான். "இதுக்கு எதுக்குப்பா இத்தனை மீட்டிங்?"

மேலதிகாரிகள் அடிக்கடி சொல்வது ஒன்று: நாம் சின்ன நாடு, அதனால் வேகமாகப் போகலாம். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வெளியே வந்ததும் சொன்னாய். "சின்ன நாடு எண்டா இன்னொண்டும் இருக்கு. வேகத்தில நாங்கள் விட்டுட்டுப் போன ஆளின்ர முகம் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்த கிழமை கடையில காணுவம்."

கண்டோம். மங்கரே நூலகத்தின் பின்னறையில் நம் திரைகளை மக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்போமே, அங்கே. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, சோதனைக்கு வருபவருக்கு ஒரு நாற்காலி. திட்ட ஆவணத்தில் அப்படித்தான். நீ போனதும் முதல் வேலையாக இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுவாய்.

"ஒரு கதிரை காணாது. எங்கட ஆக்கள் தனிய வரமாட்டினம்."

எங்கட ஆக்கள் என்று நீ சொன்னது தமிழரை மட்டுமல்ல. டோங்கா நாட்டு மூதாட்டி ஒருவர் பேத்தியோடு வந்தார். பஞ்சாபி ஓட்டுநர் மனைவியோடு. யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் மருமகளோடு. கேள்வி ஒருவருக்கு, பதில் இன்னொருவரிடமிருந்து. சுட்டியைப் பிடித்த கை எப்போதும் இளைய கை. அறிக்கையில் எழுத வேண்டியது: பயனாளி உதவியின்றி முடித்தாரா, ஆம் அல்லது இல்லை. நீ அந்தக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே வரியை எழுதினாய். வந்தது இரண்டு பேர்.

அதற்காக ஒரு திரைகூட வரைந்தாய். கணக்கு அம்மாவுடையது, துணைக்கு வருபவர் மகள், தன் பெயரில், தன் எண்ணோடு. யாரும் யாராகவும் நடிக்க வேண்டாம். நல்ல யோசனை என்றார்கள். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கட்டம் வந்தது. கேக் வந்தது. உன் திரை அதற்கு அடுத்த கட்டத்துக்குப் போனது. நான் இரண்டாவது முறையே கேட்பதை விட்டுவிட்டேன். நீ விடவில்லை. உன்னிடம் அந்த அலுப்பு இல்லாதது எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு நினைவிருக்கிறதா. உன் வீட்டில் மதியச் சாப்பாடு. அம்மா நண்டு வைத்திருந்தார். விமான நிலையத்தில் உணவுத் தட்டுகள் அடுக்கும் வேலை முடிந்து வந்தவர், நின்றுகொண்டே பரிமாறினார். நீ ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் அம்மாவுக்கு அரசுச் சேவைக் கணக்குத் தொடங்கினாய். கைபேசி எண் கேட்கும் பெட்டி. அதன் மேலே நீயே எழுதிய வாசகம், நாம் இருவரும் ஒரு வாரம் சண்டை போட்டுச் சுருக்கியது: உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள், வேறொருவருடையதை வேண்டாம்.

நீ உன் எண்ணைப் போட்டாய்.

"ஏய். நீதான எழுதின அத?"

"அது நாட்டுக்கு எழுதினது. இது வீடு."

"அவங்களுக்கு ஃபோன் இருக்குல்ல?"

"இருக்கு. அந்த ஆறு இலக்கக் கோட் வந்தா அவ என்ன செய்வா? எனக்குத்தான் கோல் எடுப்பா. 'பிள்ளை, ஏதோ நம்பர் வந்திருக்கு, ஆரோ ஏமாத்திறாங்கள்' எண்டுவா. நேரா எனக்கே வரட்டுமே."

"எனக்குக் காது கேக்குது," என்றார் அம்மா, நண்டுச் சட்டியோடு.

நாம் சிரித்தோம். நூலகத்துக்கு வந்த மகள்கள் எல்லோரும் செய்தது அதுதான். நாட்டுக்கான அந்த வாசகத்தை எழுதியவளும் செய்தாள்.

பிறகு நோய். அதைப் பற்றி எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம், நீ சொல்வதுபோல் பின்னேரம், என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"அம்மாட கணக்கில என்ர நம்பர் கிடக்கு. மாத்திவிடு."

"சரிப்பா. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம் இல்லை. செத்த ஆளுக்கு அரசாங்கம் கோட் அனுப்பிக்கொண்டிருக்கும். மானக்கேடு. நான் அங்க வேலை செய்தனான்."

சிரிக்கப் பார்த்தாய். இருமல் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன். எண்ணை மாற்றிவிடலாம், சிறிய வேலைதான். அம்மா தலையை மட்டும் அசைத்தார். வேண்டாம் என்று. அடுத்த முறை கேட்டபோது, "அது கிடக்கட்டும் பிள்ளை," என்றார். நான் வற்புறுத்தவில்லை.

உன் அஸ்தியில் ஒரு பங்கை இங்கே கடலில் கரைத்தோம். மறு பங்கு வீட்டில் இருக்கிறது. வருடம் திரும்பும் ஆட்டைத் திவசத்துக்கு அதை யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அம்மாவின் ஒரே பிடிவாதம். அவருடைய பாஸ்போர்ட் காலாவதி. புதுப்பிக்க இணையத்துக்குள் போக வேண்டும். அதற்குத்தான் சனிக்கிழமை என்னை வரச்சொன்னார்.

இப்போது அந்த அடுப்படி. அம்மாவின் பின்னால் போனேன். மேசையில் உன் பழைய மடிக்கணினி. உன் கைபேசியைப் பக்கத்தில் வைத்து, உதட்டை அசைத்து எண்களைச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் தட்டினார். நான்கு, ஒன்று, ஒன்று. நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் உள்ளே போயிருந்தார்.

"நீங்களே போய்ட்டீங்களா?"

"ஓம். ஒவ்வொரு நாளும் போறனான் தானே."

"தினமுமா? எதுக்கு?"

அம்மா கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். மேலே ஒரு விமானம் இறங்கும் சத்தம். அது போகும் வரை காத்திருந்தார். இந்த வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

"ஒரு அலுவலும் இல்லை. காலமை வேலைக்குப் போக முன்னம் ஒருக்கா உள்ளுக்குப் போவன். அப்ப அது அங்க அதிரும். வீட்டில ஆரோ எழும்பின மாதிரி. பிறகு வெளியில வந்திடுவன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"பிழையோ பிள்ளை? அரசாங்கம் ஏதும் சொல்லுமோ?"

"ஒண்ணும் சொல்லாதும்மா."

நீ கேட்டிருக்க வேண்டும். அவருக்கு இந்த வேலை வராது என்று நீ நினைத்தாய். உன் எண்ணால்தான் வந்தது. இந்த நாட்டில் எந்த வேலையும் இல்லாமல் தினமும் அந்தக் கதவைத் தட்டி உள்ளே போய் வருபவர் உன் அம்மா ஒருவராகத்தான் இருப்பார்.

கைபேசியை எடுத்துப் பார்த்தேன். பின்புறம் உப்பியிருந்தது. ஓயாமல் சார்ஜில் கிடந்து பேட்டரி வீங்கிவிட்டது. மேசையில் வைத்தால் தள்ளாடியது. அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இது என்றைக்கு வேண்டுமானாலும் நின்றுவிடும். உன் பெயரில் உள்ள இணைப்பையும் ஒரு நாள் நிறுத்திவிடுவார்கள். நின்றால் எண்கள் வராது. எண்கள் வராவிட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

"அப்ப கீரிமலை?"

"தள்ளிப்போகும்மா. திவசத்துக்குள்ள முடியாது."

அம்மா கையைத் துணியில் துடைத்தார். "அப்ப உன்ர நம்பரைப் போடு பிள்ளை."

போட்டிருப்பேன். விரல் பெட்டி வரைக்கும் போனது. பெட்டிக்கு மேலே உன் வாசகம் நின்றது. எத்தனை முறை திட்டத்துக்குப் பெயர் மாறியும் அந்த ஒரு வரியை யாரும் தொடவில்லை. என் எண்ணைப் போட்டால், நான் இல்லாமல் போகும் நாளில் யாரோ இன்னொருத்தி இதே மேசையில் உட்கார்ந்திருப்பாள்.

"உங்க நம்பரையே போடலாம்மா. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"தெரியும். தெரியாம இல்லை." அம்மா உன் கைபேசியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "எனக்கு இந்த ஃபோன் வேணும் எண்டு இல்லை. இந்த நம்பர் போகக் கூடாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை வருடம் கணக்கில் எண்ணை மாற்றுவதற்கு மட்டுமே நாம் திரை வரைந்துகொண்டிருந்தோம்.

"அப்போ நம்பரையே உங்க பேருக்கு மாத்திடலாம்."

மங்கரே கடைத்தொகுதியில் கைபேசிக் கடை. உன் இறப்புச் சான்றிதழை அம்மா கைப்பையிலிருந்து எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். கல்லாவில் நின்ற பெண் அதைப் படித்தாள். வருந்துகிறேன், உங்கள் மகளா என்று கேட்டாள். அம்மா யெஸ் என்றார். இந்த வேலையில் ஓர் ஆள் முகத்தைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி அது. பிறகு திரையைப் பார்த்தபடி கேட்டாள்: உங்களிடம் ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது, உங்கள் கைபேசி ஒன்றைத்தான் ஏற்கும், எதை வைத்துக்கொள்கிறீர்கள்?

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்ர நம்பருக்கு ஆர் எடுக்கிறது? அவள் ஒருத்திதான் எடுத்தவள். அது போகட்டும் எண்டு சொல்லு."

சொன்னேன். ஆங்கிலத்தில் அது மிகச் சிறிய வாக்கியமாக இருந்தது.

ஆக, மாற்றவில்லை. கணக்கில் உன் எண்தான். இப்போது அது அம்மாவின் சொந்த எண். உன் வாசகம் உண்மையாகிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த வீங்கிய கைபேசியைக் கடையிலேயே கொடுத்துவிடலாம் என்றேன். அம்மா பேட்டரியை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் பாஸ்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டோம். எண்கள் அம்மாவின் கையிலிருந்த கைபேசியிலேயே அதிர்ந்து வந்தன. அவர் கொஞ்சம் துள்ளினார்.

என் கைபேசியில் உன் பெயரை நான் மாற்றவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று அதை அழுத்தினேன், வேலை செய்கிறதா என்று பார்க்க. இரண்டு முறை மணி அடித்தது.

"ஓம், சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

சொல்ல ஒன்றும் இல்லை. வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன் என்றேன். இனி அப்படித்தான். உன் பெயரை அழுத்தினால் ஒரு குரல் வரும்.

இன்று திங்கள். திட்டத்துக்கு மறுபடியும் புதுப் பெயர். புதிய திரைகளைச் சோதிக்க நூலகத்துக்குப் போனேன். பின்னறையில் ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். வாசிப்பறையிலிருந்து இன்னொன்றை இழுத்து வந்து அதன் பக்கத்தில் போட்டேன்.