திருப்பி அனுப்பிய லாரி

7 பிப்ரவரி 2006

சிவப்பு இன்றும் சேரவில்லை. விளக்குப் பெட்டிக்குள், துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துணியையும் எங்கள் துணியையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். எங்களுடையது கொஞ்சம் மங்கல். சாய ஆலையில் குவாலிட்டி பார்ப்பவள் நான். மங்கல் என்றால் ஃபெயில்தான். மேனேஜர் ஜெபக்குமார் சார் துணியை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். "ஏம்மா சித்ரகலா, இது ஒன் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

பையருக்கும் தெரியுமே, சார். மறுபடி சாயம்.

8 பிப்ரவரி

சுத்திகரிப்புத் தொட்டி நிரம்பிவிட்டதாம். சாயத் தண்ணீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டார்கள். இந்தத் துணியில் தைக்கிற சட்டைக்குத்தான் பச்சை இலை லேபிள் வேறு - பூமிக்குக் கேடில்லாத துணியாம்! அந்த ஓடை என் அண்ணன் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது. சாரிடம் சொன்னேன்.

"நீ ஃபெயில் போடலன்னா நான் ஏம்மா தொறந்து விடுதேன்?"

ஃபெயில் என்றால் மறுபடி சாயம், மறுபடி கழிவுத் தண்ணீர்.

11 பிப்ரவரி

சிவப்பு மங்குவதற்கு ஆலையின் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதுதான் காரணம். இனி லாரித் தண்ணீர். முதல் லாரியே என் அண்ணன் சரவணக்குமாரின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து. "வெங்காயம் போட்டு நட்டப்படறதுக்கு இது தேவல அம்மிணி" என்றார். ஒவ்வொரு லாரியையும் நான்தான் சோதிக்க வேண்டும். சோதனைப் பொடி போட்டதும் குடுவையில் சிவப்பான தண்ணீர், மருந்து சில சொட்டு விட்டதுமே நீலமானது. எவ்வளவு சீக்கிரம் நீலமோ அவ்வளவு நல்ல தண்ணீர். துணியும் பாஸ். பெருமையாக இருந்தது.

2 மார்ச்

நீலம் வர இப்போதெல்லாம் சொட்டு கூடுதலாகத் தேவைப்படுகிறது. சாரிடம் சொன்னேன். "பாஸ்தானம்மா?"

பாஸ்தான். இன்னிக்கு.

17 மார்ச்

நீலமே வரவில்லை. எவ்வளவு விட்டும் சிவப்பாகவே நின்றது. குடுவையைக் கழுவி மறுபடி பார்த்தேன். மறுபடியும் அதேதான். டிரைவர் வீரணன் வந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, இது ஒங்க அண்ணன் கெணறுக்கா."

தெரியும்டா, தெரியும்! எனக்குத் தெரியாதா? ஃபெயில் போட்டேன். வேற என்னத்தப் போடறது? லாரி திரும்பிப் போனது.

மாலையில் அண்ணன் ஃபோன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை.

"துணிக்கே ஆகாதுங்கற. அதயத்தான அம்மிணி நாங்க குடிக்கறோம்?"

வைத்துவிட்டார்.

18 மார்ச்

வேறு ஊர்க் கிணற்றுத் தண்ணீர். சிவப்பு முதல் தடவையிலேயே பாஸ். ஓடையில் இன்றும் திறந்தார்கள்.

19 மார்ச், ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு இரண்டு கேன் தண்ணீர் வாங்கிப் போனேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் கேன்களை உள்ளே எடுத்து வைத்தார். "புள்ளைங்களுக்கு மட்டும் வெச்சுக்கறோம் கண்ணு, எங்களுக்குப் பழகிருச்சு" என்றார் அண்ணி. பிறகு காபி கொண்டுவந்து வைத்தார். எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முழுவதும் குடித்தேன்.