வெட்டாத தாள்கள்

1954 ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. இலங்கை மலையகத்தில் அட்டனை அடுத்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் றோலண்ட், டவுனுக்குப் புறப்படுமுன், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த மனைவிக்குச் சீட்டு எழுதிப் பானை மூடியில் வைத்தார்.

"சுகிர்தம்,
பருப்பு அடுப்பில இருக்கு, தீய விடாத. உங்கண்ணன் கஸ்பர் வந்தா தேத்தண்ணி மட்டும் குடு, சோறு போடாத. அலமாரிச் சாவிய நான் கொண்டுபோறேன். அந்த இங்கிலீஷ் நாவலக் கேட்டு இனி வாயத் திறக்காத. அதே கதையப் படக்கதையில பொம்மை பாத்து அழுறவளுக்கு முழுப் புத்தகம் எதுக்கு?

மறந்துட்டேன்: உன் படக்கதையோட கடைசித் தாள்லதான் அடுப்புப் பத்தவச்சேன். முடிவ நானே சொல்றேன். புருஷன விட்டுட்டுப் போறா. நாதியத்துச் சாகுறா. முழுசாப் படிச்சவன் சொல்றேன்."

மாலையில் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. சீட்டின் அடியில் பென்சிலால் நெருக்கி எழுதியிருந்தது:

"முன்ன அலமாரி துடைக்கையிலயே அந்த நாவலப் பாத்தேங்க. பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் தாளெல்லாம் அச்சாபீஸ்ல மடிச்ச மடிப்பு வெட்டாம ஒட்டியே கெடக்கு. எப்புடி முழுசாப் படிச்சீங்க? பருப்ப எறக்கி வச்சிட்டேன். அண்ணனோட போறேன். வரமாட்டேன்."

றோலண்ட் அலமாரியைத் திறந்து, காய் நறுக்கும் கத்தியால் தாள்களை வெட்டிக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். கதையில் அவள் சாகவில்லை. செத்தது புருஷன்.