கிளியர் என்று சொன்ன குரல்

இன்று செவ்வாய், காலை பதினொன்று இருபது. மின்கம்பத்தில் ஏறக் காத்திருப்பவர்கள் இரண்டு பேர். ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் உட்கார்ந்து போனில் உனக்கு எழுதுகிறேன். எழுத்து மாறி மாறி விழுகிறது.

பாலசமுத்திரம் ரோட்டில் காற்றுக்குத் தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்டும் வேலை. சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "லைன் கிளியர் இச்சேசானு சார்" என்று தெலுங்கில் சொன்னார் ஆபரேட்டர். சப்ளையை நிறுத்திக் கொடுத்தாயிற்று, ஏறலாம் என்று அர்த்தம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீ போனதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்படித்தான்.

டிப்ளமோ நாட்களில் புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகத்தைப் போனில் நோண்டிக்கொண்டே வருவாய். ஒருநாள் இந்தச் சொல்.

"கிளியர்னா இன்னான்னு நெனச்சுக்கினு கீற? லத்தீன்ல அது சத்தத்துக்குச் சொன்ன வார்த்தடா. கூப்புட்டா நல்லாக் காதுல விழுதே, அது. வெளிச்சத்துக்கும் சொன்னாங்க. குறுக்க ஒண்ணுமில்லன்றதெல்லாம் ரொம்பப் பின்னால வந்தது."

"மொதல்ல அரியர கிளியர் பண்ற வழியப் பாரு" என்றேன். முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிச் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

பலமனேர் பக்கம் நீ கடைசியாகக் கம்பம் ஏறிய அன்று உனக்கும் போனில் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். பொய்யில்லை. சுவிட்சை நிறுத்தித்தான் இருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஓடிய ஜெனரேட்டரை யாரும் நினைக்கவில்லை. அதன் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்பக்கமாக ஏறி, நீ பிடித்த கம்பிக்கு வந்துவிட்டது. உனக்குக் கிடைத்தது ஒரு குரல் மட்டும். நன்றாகக் காதில் விழுந்த குரல்.

அதனால்தான் இன்று, "டெஸ்டர் வைக்காமல் யாரும் ஏறக்கூடாது" என்றேன். லைன்மேனுக்கு என் அப்பா வயது.

"இன்னா சார் நீ, கல்யாணப் பொண்ணாட்டம் பயந்துக்கினு. அதான் கிளியர் குடுத்துட்டான் இல்ல? மழ வரதுக்குள்ள ஏறி எறங்கிடறேன்." ஒரு காலைக் கம்பத்தில் வைத்தே விட்டார்.

"எறங்குய்யா!" என்று கத்தினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை.

நீளக் கோலின் நுனியில் டெஸ்டரை மாட்டிக் கம்பியருகே கொண்டுபோனேன். அது வீறிட்டது. சப்ளை நிறுத்திய கம்பியில் கரண்ட். ரோட்டுக் கோடியில் பால் குளிரூட்டும் நிலையத்தின் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் அப்போதுதான் உறைத்தது.

லைன்மேன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "சார், தண்ணி கீதா?"

பாட்டிலைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தார்.

இனி செய்யப்போவது:

1. பால் நிலையத்து ஜெனரேட்டரை என் கண்ணெதிரே நிறுத்த வைப்பேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும்.

2. மறுபடி டெஸ்டர் வைப்பேன். சத்தம் இல்லாவிட்டாலும், வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியை எர்த்தோடு பிணைப்பேன்.

3. பிறகுதான் "ஏறுங்க" என்பேன். அவர்கள் இறங்கும்வரை கம்பத்தடியைவிட்டு நகரமாட்டேன்.

4. இந்தப் பயம் தெளிய டாக்டரிடம் மாத்திரை கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கமாட்டேன்.